மடக்கை: பெருக்கல் கூட்டலான கதை

இலக்கியத் தொடரொன்றில் கணிதத்துக்கு என்ன வேலை என்று நேயர்கள் சிலர் கேட்கக்கூடும். அதிலும், தமிழ் கற்பிக்கும் ஒருவன் மடக்கையைப் பற்றிப் பேச முற்படுவது அடுத்தவன் வயலில் வரம்பு தாண்டி இறங்குவது போலத் தோன்றலாம். ஆனால் மடக்கை என்பது தமிழ்ச் சொல். சொல்லுக்குப் பொருள் சொல்வது என் தொழில். அத்தோடு, இந்தச் சொல்லின் பொருள் விளங்காமலேயே அட்டவணையைப் புரட்டிப் புரட்டிப் பரீட்சை எழுதி, கணிதத்தில் சித்தியடையாமற் போய், உயர்தர வகுப்பின் வாசலிலேயே நின்றுவிட்ட பிள்ளைகள் பலரை எங்கள் உருத்திரபுரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் நான் கண்டிருக்கிறேன். அவர்களுட் சிலர் என் வகுப்பில் யாப்பும் அணியும் நன்றாகக் கற்றவர்கள். ஆகவே இது எனக்கும் உரிய விடயமே.

மடங்கு, மடக்கு, மடிப்பு ஆகியன ஓரினச் சொற்கள். இரு மடங்கு, மும்மடங்கு என்கிறோம். தண்டியலங்காரம் சொல்லணியியலிலே மடக்கு என்று ஓர் அணியைக் கூறுகின்றது. வந்த எழுத்துத் தொகுதியே மீண்டும் வந்து வேறு பொருள் தருவது அது. திரும்ப வருதல் என்பதே இங்கு உயிர்க்கருத்து. இனி, ஒரு வேட்டியை எடுத்து மடித்துப் பாருங்கள். ஒரு முறை மடித்தால் இரண்டு படை. இரண்டாம் முறை நான்கு. மூன்றாம் முறை எட்டு. படை எட்டானது, மடித்ததோ மூன்று தடவைதான். அந்த மூன்றே எட்டின் மடக்கை. இரண்டை அடியாகக் கொண்டால் எட்டின் மடக்கை மூன்று என்று பாடநூல் எழுதுவது இதைத்தான். எத்தனை படை என்பது ஒரு கேள்வி. எத்தனை தடவை மடித்தாய் என்பது வேறொரு கேள்வி. இரண்டாவது கேள்விக்குரிய விடைக்குப் பெயர் மடக்கை. இதற்கு மேல் அதன் அடிப்படையில் மறைபொருள் எதுவும் இல்லை.

இந்த இரண்டாவது கேள்வியை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர் என்பதற்கு நம் அளவைப் பெயர்களே சான்று. ஒன்றைப் பாதியாக்கினால் அரை, அதைப் பாதியாக்கினால் கால், பின் அரைக்கால், பின் வீசம். வீசம் என்பது பதினாறில் ஒன்று என்று மனனம் செய்கிறோம். நான்கு தடவை பாதியாக்கியது என்று நினைத்தால் அது இன்னும் எளிது. முகத்தலளவை இதைவிடச் சுவையானது. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி ஒரு குறுணி. இரண்டு குறுணி ஒரு பதக்கு. இரண்டு பதக்கு ஒரு தூணி. ஆழாக்கிலிருந்து தூணி வரை இரட்டித்தலைத் தவிர வேறொன்றும் இல்லை. மூன்று தூணி ஒரு கலம் என்று வரும் இடத்திலேதான் அந்த ஒழுங்கு முறிகின்றது. காரிநாயனாரின் கணக்கதிகாரம் போன்ற நூல்கள் இவற்றைச் செய்யுளாக்கி வைத்தன. தொல்காப்பியம் அளவுப்பெயர்களின் புணர்ச்சிக்கென்றே விதிகள் வகுத்தது. நாங்கள் அவற்றைப் புணர்ச்சி விதிக்கு உதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த சூத்திரத்துக்குப் போய்விடுகிறோம். சற்று நின்று பார்த்தால் அங்கே ஒரு கணிதம் இருக்கிறது.

ஆழாக்கைப் படியின் கீழ்நிலை என வைத்துக்கொள்வோம். அதிலிருந்து உழக்கு ஒரு படி ஏற்றம், உரி இரண்டு, நாழி மூன்று. நாழியில் எட்டு ஆழாக்கு உண்டு. குறுணி என்பது எட்டு நாழி. எட்டு என்பது மீண்டும் மூன்று இரட்டிப்பு. ஆகவே ஆழாக்கிலிருந்து குறுணிக்கு மூன்றும் மூன்றும் ஆறு படி. ஆழாக்குக் கணக்கிலோ எட்டும் எட்டும் பெருகி அறுபத்துநான்கு. இங்கே நடந்ததைக் கவனியுங்கள். அளவுகள் பெருகின, படிகள் கூடின. பெருக்கல் நடந்த இடத்தில், படிக்கணக்கிலே கூட்டல் நடந்தது. மடக்கையின் பயன் முழுவதும் இந்த ஓரிடத்தில் அடங்கியிருக்கிறது. தூணிக்கு எட்டுப் படி, ஆழாக்கோ இருநூற்றைம்பத்தாறு.

இதை வெறும் அளவைப் பழக்கமாக விடாமல் ஒரு கணிதக் கருத்தாகவே எழுதி வைத்தவர்கள் சமணர். ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த வீரசேனர் என்னும் சமண ஆசாரியர், சட்கண்டாகமத்துக்குத் தவளா என்னும் பேருரை வகுத்தார். அதிலே அர்த்தச்சேதம் என்றொரு சொல் வருகின்றது. ஓர் எண்ணை எத்தனை தடவை பாதியாக வெட்டலாம் என்பதே அதன் பொருள். மூன்றால் வெட்டுவதற்கும் நான்கால் வெட்டுவதற்கும் தனித்தனிப் பெயர்கள் தரப்பட்டுள்ளன. இரண்டு எண்களைப் பெருக்கி வருவதன் அர்த்தச்சேதம் அவ்விரண்டின் அர்த்தச்சேதங்களைக் கூட்டி வருவது என்ற விதியும் அங்கே உண்டு. உலகத்தின் அளவையும் உயிர்களின் தொகையையும் எண்ணிச் சொல்ல முயன்றவர்களுக்குப் பேரெண்கள் தேவைப்பட்டன. பேரெண்களைக் கையாளப் படிக்கணக்குத் தேவைப்பட்டது. தமிழுக்குச் சீவக சிந்தாமணியும் யாப்பருங்கலமும் தந்த சமயத்தார் கணிதத்துக்குத் தந்தது இது. அந்த உரையின் ஏட்டுப் பிரதிகள் கன்னட நாட்டு மூடபித்திரிச் சமண மடத்திலே நெடுங்காலம் காக்கப்பட்டு, இருபதாம் நூற்றாண்டிலேதான் அச்சேறின. ஆகையால் ஐரோப்பியர் இதைப் பார்த்துத்தான் மடக்கையைக் கண்டார்கள் என்று பெருமை பேச இடமில்லை. பேச வேண்டிய தேவையும் இல்லை.

ஏனெனில் வீரசேனரின் முறையில் ஒரு பெரிய இடைவெளி இருந்தது. எட்டையும் பதினாறையும் பாதியாக்கிக்கொண்டே போகலாம். பத்தை எத்தனை தடவை பாதியாக்கினால் ஒன்று வரும்? மூன்று தடவை பாதியாக்கினால் ஒன்றேகால். நான்காம் முறை ஒன்றுக்குக் கீழே போய்விடுகிறது. அப்படியானால் பத்தின் மடக்கை மூன்றுக்கும் நான்குக்கும் இடையில் எங்கோ இருக்க வேண்டும். படிக்கும் படிக்கும் இடையிலே நிற்க ஓர் இடம் உண்டா என்பதே கேள்வி. உண்டு. அதை இப்படிப் பார்க்கலாம். இரண்டைப் பத்துத் தடவை பெருக்கினால் 1024. பத்தை மூன்று தடவை பெருக்கினால் 1000. இரண்டும் ஏறத்தாழச் சமம். பத்து இரண்டுகள் செய்யும் வேலையை மூன்று பத்துகள் செய்துவிடுகின்றன. ஆகவே ஓர் இரண்டு, ஒரு பத்தின் வேலையில் பத்தில் மூன்று பங்கைச் செய்கின்றது. மடக்கைப் புத்தகத்தைத் திறந்து இரண்டுக்கு நேரே பார்த்தால் .3010 என்று இருக்கும். 1024 ஆனது 1000த்தை விடச் சிறிது கூட இருப்பதாலேதான் .3000க்கு மேல் அந்தச் சிறு மிச்சம். இந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்காமலே எத்தனை தலைமுறை அதை மனனம் செய்திருக்கிறது!

இந்த இடைவெளிகளையெல்லாம் நிரப்பி அட்டவணையாக்கியவர் ஸ்கொட்லாந்து தேசத்து மேர்ச்சிஸ்டன் கோட்டையில் வாழ்ந்த ஜோன் நேப்பியர். 1550இல் பிறந்தவர். நிலப்பிரபு, எந்தப் பல்கலைக்கழகத்திலும் பேராசிரியராக இருந்தவரல்லர். அயலவர் அவரை மந்திரவாதி என்று சந்தேகித்தனராம். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் உழைத்து 1614இல் தம் நூலை வெளியிட்டார். லொகரிதம் என்ற பெயரும் அவர் இட்டதே. விகிதம், எண் என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களின் கூட்டு அது. விகித எண் என்று பெயர்த்தாற் பிழையில்லை. ஆயினும் மடக்கை என்ற நம் சொல், கேட்ட மாத்திரத்திலே ஒரு செயலைக் கண்முன் கொண்டுவருகிறது. அந்த வகையில் தமிழ்ச் சொல்லே சிறந்தது என்பது என் எண்ணம்.

இத்தனை உழைப்பு எதற்காக? வானத்துக்காக. கோள்களின் நிலையைக் கணிப்பவர்கள் ஏழு இலக்க எண்ணை ஏழு இலக்க எண்ணால் பெருக்க வேண்டியிருந்தது. ஒரு தடவை பெருக்கவே நாற்பத்தொன்பது சிறு பெருக்கல்கள். அதன்மேல் அவற்றைக் கூட்டும் வேலை. ஒரு கிரகத்தின் ஒரு நாள் நிலையை அறிய இப்படிப் பல பெருக்கல்கள். எங்கோ ஓர் இலக்கம் தவறினால் அத்தனையும் வீண். ஒரு மனிதனின் கண்ணும் ஆயுளும் இதிலே கரைந்தன. கெப்ளர் 1627இல் வெளியிட்ட ருடொல்பின் அட்டவணைகளில் மடக்கைகளைப் பயன்படுத்தினார். மடக்கை வானியலாளரின் ஆயுளை இரட்டித்தது என்று பிற்காலத்தில் லாப்பிளாஸ் சொன்னதாக வழங்குவது வெறும் உபசார வார்த்தை அல்ல.

நேப்பியரின் நூலைப் படித்த ஹென்றி பிரிக்ஸ் என்னும் இலண்டன் கிரெஷாம் கல்லூரிப் பேராசிரியர், 1615ஆம் ஆண்டு கோடையில் எடின்பரோவுக்குப் பயணம் செய்தார். இருவரும் சந்தித்தபோது, ஏறத்தாழக் கால் மணி நேரம் ஒருவரையொருவர் வியந்து பார்த்தபடி பேசாதிருந்தார்களாம். இது பின்னர் ஒருவர் எழுதி வைத்த கதைதான். இருந்தாலும் எனக்கு இது பிடிக்கும். கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் உயிரோடு சந்தித்திருந்தால் இப்படித்தான் இருந்திருப்பார்கள் என்று நினைப்பதுண்டு. அந்தச் சந்திப்பின் பயனாக, ஒன்றின் மடக்கை பூச்சியம், பத்தின் மடக்கை ஒன்று என்னும் ஒழுங்கு பிறந்தது. இன்று நம் பிள்ளைகள் பார்ப்பது இந்த ஒழுங்கில் அமைந்த அட்டவணையே. 1617இல் நேப்பியர் காலமானார். பிரிக்ஸ் 1624இல், 1 முதல் 20,000 வரையும் 90,000 முதல் 1,00,000 வரையும் உள்ள எண்களுக்குப் பதினான்கு தசமதானம் வரை மடக்கை கணித்து வெளியிட்டார். இடையில் விடுபட்ட எழுபதினாயிரம் எண்களைக் குறைந்த தசமதானங்களோடு ஒல்லாந்தரான விலாக் 1628இல் நிரப்பினார். எல்லாம் கையால்.

இதே வானத்தை நம் பஞ்சாங்கக்காரர் எப்படிக் கணித்தனர் என்று பார்த்தால் வியப்பு இன்னொரு பக்கம் வருகிறது. ஜோன் வாரன் என்பவர் 1825இல் சென்னையிலே வெளியான காலசங்கலிதம் என்னும் தம் நூலில், புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் சந்திர கிரகணம் ஒன்றைக் கணித்துக் காட்டியதை விவரிக்கிறார். அவர் கையில் ஏடும் இல்லை, எழுத்தாணியும் இல்லை. தரையிலே சோகிகளைப் பரப்பி எண்களாக வைத்தார். அட்டவணைகள் யாவும் வாக்கியங்களாக அவர் நினைவில் இருந்தன. எழுத்துக்கு எழுத்து ஓர் எண் என வகுத்துச் சொற்றொடராகக் கோத்து மனனம் செய்த எண்கள் அவை. கிரகணத்தின் தொடக்கத்தைச் சில நிமிட வேறுபாட்டில் சொல்லிவிட்டார். முடிவில் வேறுபாடு கூடிற்று. ஐரோப்பியன் அட்டவணையை அச்சிலே வைத்தான். இவர் நாவிலே வைத்தார். சிறிய வித்தியாசமல்ல இது. அச்சிலே உள்ளதை அடுத்தவன் திருத்தலாம்.

அந்த வித்தியாசம் யாழ்ப்பாணத்தில் 1829இல் வெளிப்பட்டது. அவ்வாண்டுச் சந்திர கிரகணம் குறித்து அராலி விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கக் கணிப்புக்கும் வட்டுக்கோட்டை செமினரி அதிபர் டானியேல் பூவரின் கணிப்புக்கும் வேறுபாடு எழுந்தது. பூவரின் கணக்கே நிகழ்ச்சிக்கு நெருங்கி வந்தது. மிஷனரிமார் இதைத் தங்கள் சமயத்தின் வெற்றியாகக் கொண்டாடினர். அது சமயத்துக்கு அப்பாற்பட்ட சங்கதி. அக்காலத்து மேலைக் கணிப்புக்குப் பின்னால் புதிய அவதானங்களும், இரு நூற்றாண்டுகளாகத் திருத்தப்பட்டு வந்த மடக்கை அட்டவணைகளும் இருந்தன. சாஸ்திரியாருக்குப் பின்னால் முன்னோர் வகுத்த வாக்கியம் இருந்தது. அவர் தோற்றார் என்பதைவிட, அவ்வளவு நெருங்கி வந்தார் என்பதையே நான் பெரிதாக நினைக்கிறேன்.

அந்தச் செமினரியிலிருந்தே தமிழிற் கணிதம் எழுதும் முயற்சியும் தோன்றியது. அங்கு கற்றுக் கற்பித்த கறொல் விசுவநாதபிள்ளை 1855இல் வீசகணிதம் என்னும் நூலை வெளியிட்டார். பின்னர் அவரும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர். கலித்தொகையையும் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் அச்சேற்றிய அதே தாமோதரம்பிள்ளைதான். தமிழ் வேறு, கணிதம் வேறு என்று வேலி போட்டுக்கொண்டது நம் தலைமுறையே. அரசகரும மொழித் திணைக்களம் 1950களிலும் 60களிலும் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டபோது, தமிழறிந்தோரும் விஞ்ஞானம் அறிந்தோரும் ஒரே மேசையில் இருந்துதான் அந்த வேலை நடந்தது. சுட்டி, வலு, அடி, தசமக்கூட்டு என்று நாம் இன்று சர்வசாதாரணமாகச் சொல்லும் சொற்கள் யாரோ சிலர் தலையைப் போட்டுடைத்துக் கண்டவை.

எங்கள் தலைமுறைக்கு மடக்கைப் புத்தகத்தோடு வேறொரு உறவும் உண்டு. 1990களில் வன்னிக்குக் கொண்டுவரத் தடைசெய்யப்பட்ட பொருட்களில் மின்கலமும் ஒன்று. கணிப்பான் வைத்திருந்தவர்களுக்கும் அது வெறும் பெட்டிதான். 1996இல் கிளிநொச்சியை விட்டு இடம்பெயர்ந்து மரநிழலிலே படித்த நாட்களில், நாலைந்து பேருக்கு ஒரு லொக் புத்தகம். எங்களிடம் இருந்ததில் முதல் தாள் இல்லை. இன்னொரு வகுப்பிலிருந்து புத்தகம் இரவல் வாங்கி, ஒரு மாணவன் அந்தத் தாளைக் கொப்பியில் பார்த்தெழுதினான். எங்களுக்குக் கணிதம் கற்பித்த ஆசிரியர் அதை வாங்கி, மூலப் புத்தகத்தைப் பாராமலே, ஓரிடத்தில் விரலை வைத்து இது பிழை என்றார். நாங்கள் அசந்து போனோம்.

அவர் செய்தது இதுதான். 2.0 முதல் முதல்நிரலில் 3010, 3222, 3424 என்று போகிறது. அடுத்தடுத்த எண்களின் வித்தியாசம் 212, 202, பின் 193, 185, 177 என்று மெல்ல மெல்லக் குறைய வேண்டும். மாணவன் 3617ஐ 3671 என்று எழுதிவிட்டான். அதனால் வித்தியாசம் 202இலிருந்து 247க்குத் தாவி, உடனே 131க்கு விழுந்தது. வரிசையில் ஒரு பள்ளமும் ஒரு மேடும். செய்யுளில் தளை தட்டினால் காது கண்டுபிடிப்பது போல, அவர் கண் அதைப் பிடித்துக்கொண்டது.

ஏன் அந்த வித்தியாசம் குறைந்துகொண்டே போகிறது? இந்தக் கேள்வியிலேதான் மடக்கையின் பொருள் முழுவதும் துலங்குகிறது. 2.0 இலிருந்து 2.1க்குப் போவதும் 2.8 இலிருந்து 2.9க்குப் போவதும் கூட்டலில் ஒரே அளவு; 0.1. ஆனால் முன்னதில் இருந்ததன் இருபதில் ஒரு பங்கு கூடுகிறது. பின்னதில் இருபத்தெட்டில் ஒரு பங்குதான். பத்து மூடை நெல் உள்ளவனுக்கு ஒரு மூடை கூடுவதும் நூறு மூடை உள்ளவனுக்கு ஒரு மூடை கூடுவதும் ஒன்றாகுமா? எவ்வளவு கூடியது என்று மடக்கை கேட்பதில்லை. இருந்ததற்கு எத்தனை மடங்காயிற்று என்றே கேட்கும். நேப்பியர் அதை விகித எண் என்றது இதனாலேயே. 2.3ஐ 1.7ஆல் பெருக்க, .3617ஐயும் .2304ஐயும் கூட்டி .5921 எடுத்து, முரண்மடக்கையில் 3.91 என்று கண்டால் போதும். விதியை மட்டும் கற்றவனுக்கு இது கண்கட்டு வித்தை. படி ஏறுவதாக விளங்கிக்கொண்டவனுக்கு மூன்றும் மூன்றும் ஆறு என்ற அந்தக் குறுணிக் கணக்கு.

அம்பலப்புழைக் கோயிற் பாற்பாயசத்தோடு சேர்த்துச் சொல்லும் சதுரங்கக் கதையை நேயர்கள் கேட்டிருப்பீர்கள். முதற் கட்டத்துக்கு ஒரு நெல்மணி, அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்ததற்கு நான்கு என்று அறுபத்துநான்கு கட்டத்துக்கும் கேட்ட கதை. இரட்டித்தல் அறுபத்துநான்கு, இரண்டின் மடக்கை.3010. இரண்டையும் பெருக்கினால் 19.26. மொத்தம் இருபது இலக்க எண் என்று ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. அரசன் பக்கத்தில் மடக்கை தெரிந்த ஒருவர் இருந்திருந்தால் வாக்குக் கொடுக்கும் முன் அவன் கையைப் பிடித்திருப்பார்.

கணிப்பானும் கைத்தொலைபேசியும் வந்தபின் பெருக்குவதற்கு மடக்கை வேண்டியதில்லை. ஆனால் அளப்பதற்கு அது போகவில்லை. நிலநடுக்கத்துக்கு 1935இல் ரிக்டர் வகுத்த அளவு மடக்கை அளவு. ஒலியின் டெசிபெல்லும் அப்படியே. விண்மீன்களின் ஒளியளவோடு தமிழ் நாட்டுக்கு ஒரு தனித் தொடர்பும் உண்டு. மீன்களை ஒளிக்கேற்ப ஆறு தரங்களாகப் பிரிப்பது பழைய கிரேக்க வழக்கம். நோர்மன் பொக்சன் என்னும் ஆங்கிலேயர் 1856இல், ஒக்ஸ்போர்ட்டில் இருந்தபோது, ஒரு தரத்துக்கும் அடுத்த தரத்துக்கும் இடையே ஒளி 2.512 மடங்கு மாறுவதாகக் கொள்ளலாம் என்றார். ஏன் அந்த விசித்திரமான எண்? அதன் மடக்கை 0.4 என்று கணக்குக்கு வசதியாக இருக்கிறது. ஐந்து தரம் போனால் சரியாக நூறு மடங்காகிறது. 1861இல் அவர் சென்னை வானாய்வுக்கூடத்துக்கு வந்தார். 1891இல் அங்கேயே மறைந்தார். அவருடைய உதவியாளராயிருந்த சிந்தாமணி இரகுநாதாச்சாரியார் 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1874இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது, அது என்ன என்று ஆங்கிலத்தோடு இந்திய மொழிகள் பலவற்றிலும் மக்களுக்கு விளக்கம் எழுதினார். பஞ்சாங்கத்தைக் கண்ணால் கண்ட வானத்தோடு ஒத்துப் பார்த்துத் திருத்த வேண்டும் என்று வாதாடியவரும் அவரே. 1871 டிசெம்பர் 12ஆம் நாள் முழுச் சூரிய கிரகணத்தின் நிழல் தென்னிந்தியாவைக் கடந்து யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் விழுந்தபோது, இரண்டுக்கும் நடுவே கிடந்த நம் வன்னிக் காட்டையும் அது கடந்து போயிற்று. கோட்டையிலும் துறைமுகத்திலும் தொலைகாட்டிகள் காத்திருந்தன. இங்கே பார்த்தவர்கள் யாரும் எழுதி வைக்கவில்லை.

இரணைமடு வாய்க்காலோரம் விளக்கில்லாத வயல்வெளி இன்னும் உண்டு. நிலவில்லாத சித்திரை மாத இரவில் அங்கே போய் நின்றால், தலைக்கு மேலே சித்திரை மீன் ஏறத்தாழ முதலாந் தரத்தில் தெரியும். அதன் அயலில் கண்ணைச் சுருக்கித் தேடினால் மட்டும் அகப்படும் மங்கல் மீன்கள் ஆறாந் தரம். கண் எண்ணுவது ஐந்து படி. ஒளியோ நூறு மடங்கு.